ரூனோவைத் தொடாதே

கிருனா
9 பிப்ரவரி 2025

கெர்டா அவர்களுக்கு,

உங்களை எப்படி அழைப்பது என்று அரை மணி நேரம் யோசித்துவிட்டுக் கடைசியில் பெயரையே எழுதிவிட்டேன். நான் எஸ்கில். போன அக்டோபரில், அப்பாவை அடக்கம் செய்த அன்று, விஸ்பி தேவாலய வாசலில் என் கையைக் குலுக்கினீர்கள். பிறகு உங்கள் காரின் பின்கதவைத் திறந்து அப்பாவின் கம்ப்யூட்டரை எடுத்து என் கையில் வைத்து, "இத எடுத்துட்டுப் போயிடு, எனக்கு வேண்டாம்" என்றீர்கள். என் அக்கா என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அதுதான். குறையாகச் சொல்லவில்லை. தீவிலிருந்து கப்பல், அப்புறம் இருபது மணி நேர ரயில், அவ்வளவு தூரமும் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மூன்று மாதம் அது சமையலறை மூலையில் கிடந்தது. நான் இங்கே இரும்புத் தாது ரயில் ஓட்டுகிறேன். போன வாரம் குளிர் மைனஸ் முப்பத்தெட்டுக்குப் போய் தண்டவாளம் வெடித்துவிட்டது. நான்கு நாள் வேலையில்லை. அப்போதுதான் திறந்தேன். 'கோட்லாந்து 1066' என்று ஒரே ஒரு ஆட்டம் இருந்தது.

எனக்கும் இந்த விளையாட்டு தெரியும். ஆனால் இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை. முதல் வரைபடத்தில் உங்கள் கோட்லாந்து தீவு மட்டும், நானூறு வீரர்கள், ஒரு ஓட்டைக் கோட்டை, சிவப்புக் கேடயத்தில் வெள்ளைச் செம்மறிக்கடா. கடைசி வரைபடத்தில் அந்தக் கடா பால்டிக் கடலின் இரண்டு கரையிலும் நிற்கிறது. லிண்டே வம்சம், நூற்று நாற்பத்தாறு வருடம். அம்மா பின்னால் வந்து நின்று, "என்னடா, ஒரு மரத்தப் போயி இப்படி வாயப் பொளந்து பாக்கறே?" என்றாள். வம்ச மரம் அம்மா, ராஜா செத்தா அவன் பிள்ளையா ஆடணும், அவன் செத்தா அவன் பிள்ளையா, வம்சம் அறுந்தா ஆட்டம் காலி என்றேன். "அப்ப நெஜ வாழ்க்கை மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விட்டாள்.

2004இல் அப்பா உங்களுக்கு எழுதிய விதிகளும் அதிலேயே இருக்கின்றன. ஒரு ராஜாவை அவர் ஆடுவார், அடுத்த ராஜாவை நீங்கள். ராஜா சாகும்வரை ஆட வேண்டும். நடந்ததை அழித்துவிட்டுப் பின்னால் போய் ஆடக்கூடாது. ஃபைல் அனுப்பும்போது ஆட்சியைப் பற்றிக் கடிதம் வைக்க வேண்டும். பதினொரு வருடக் கடிதங்களும் இருக்கின்றன. உங்களுக்கு எழுதியவை என்பதால் நான் படிக்கவில்லை. விதிகளை மட்டும் படித்தேன்.

விஷயம் இதுதான். ஆட்டம் 1212 மார்ச் மூன்றாம் தேதியில் நிற்கிறது. ஹெல்வி என்று ஒரு பதினாறு வயதுப் பெண் அன்று அரசியாகியிருக்கிறாள். ஃபைலின் தேதி 2015 ஜூன் 2. அதற்குப் பிறகு அப்பா தொடவே இல்லை. ஏனென்றால் அது உங்கள் முறை.

ஃபைலை இணைத்திருக்கிறேன்.

எஸ்கில்


விஸ்பி
14 பிப்ரவரி

எஸ்கிலுக்கு,

இங்கே ஆடுகள் குட்டி போடும் காலம் தொடங்குகிறது. நான் கால்நடை மருத்துவர், எனக்குப் பொழுதுபோக்க நேரமில்லை.

2015இல் என் அம்மாவை அடக்கம் செய்த எட்டாம் நாள் அப்பா உன்னைப் பற்றிச் சொன்னார். அதே சமையலறை, அதே மேசை, அம்மாவின் நாற்காலி காலியாக இருந்தது. எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. உனக்கு இருபத்தொன்று. எத்தனை வருடம் என்னை முட்டாளாக்கி வைத்திருந்தார் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். உன் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொல்வதுதான் மரியாதை. சொல்கிறேன். ஆனால் அந்த ஆட்டம் எனக்கும் அவருக்கும் நடுவில் இருந்தது, அது முடிந்துபோனது. நீ அனுப்பிய ஃபைலை அழித்துவிட்டேன்.

கெர்டா

ஹெல்விக்கு ஏதாவது நிச்சயம் செய்துவைத்திருக்கிறாரா? பதினாறு வயது அரசியை அப்படியே விட்டால் டென்மார்க்காரன் படையோடு வந்து நிற்பான். சும்மா கேட்கிறேன்.


கிருனா
17 பிப்ரவரி

கெர்டா அவர்களுக்கு,

நிச்சயம் எதுவும் செய்யவில்லை. டென்மார்க்காரன் படை திரட்டிவிட்டான், ஒன்பதாயிரம் பேர். நம்மிடம் மூவாயிரம். நம்மிடம் என்று எழுதியது தவறென்றால் உங்களிடம் என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அழித்துவிட்டீர்கள் என்பதால் மறுபடி இணைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அப்பா வருடத்தில் இரண்டு முறை இங்கே வருவார், எனக்கும் அவருக்கும் வேறொரு ஆட்டம் இருந்தது. அயர்லாந்து. மோசமாகத் தோற்றோம். ஒரு நாள் அவர் கம்ப்யூட்டரில் இந்தக் கடாக்கொடியைப் பார்த்துவிட்டு, இதை நான் ஆடட்டுமா என்று கேட்டேன். எதற்கும் குரல் உயர்த்தாத மனிதர், மூடியை டக்கென்று சாத்திவிட்டார். "அது கெர்டாவோட முறைடா. அவ வர்ற வரைக்கும் அந்தப் பொண்ணு சிம்மாசனத்துல உக்காந்திருக்கட்டும்." இன்னும் எத்தன வருஷம் உக்காருவா என்று கிண்டலாகக் கேட்டேன். "அவளுக்கு வயசே ஏறாது, கடிகாரம் நின்னுல்ல இருக்கு" என்றார்.

எனக்கு அன்று பொறாமையாக இருந்தது. இப்போது யோசித்தால் மலைப்பாக இருக்கிறது. ஒரு மனிதர் பத்து வருடம் ஒரு கடிகாரத்தை நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்.

நான் ஆடமாட்டேன். விதி இல்லை.

எஸ்கில்


விஸ்பி
9 மார்ச்

எஸ்கில்,

திறந்துவிட்டேன். கேலி செய்யாதே.

இது விதிப்படி எழுதும் கடிதம் அல்ல, ஹெல்வி இன்னும் சாகவில்லை. ஆனால் நடந்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். இங்கே சொல்வதற்கு யோரான் ஒருவர்தான் இருக்கிறார், என்னோடு மருத்துவமனை நடத்துபவர். அவருக்குப் படகு ஓட்டவும் பசுவுக்கு ஊசி போடவும் மட்டும்தான் தெரியும்.

முதல் வேலையாக ஹெல்விக்குக் கல்யாணம். போலந்து அரசனின் இரண்டாவது மகன் காசிமிர், துணிச்சல்காரன், மாமனார் வீட்டுப் படை ஐயாயிரம். அவசரம் அவசரமாக முடித்தேன். அப்படியும் டென்மார்க்காரன் வந்துவிட்டான். 1219ஆம் வருடம் முழுப் படையையும் கப்பலில் கொண்டுவந்து ஓலாண்ட் தீவில் இறக்கினான். அங்கிருந்து அடுத்த கோடையில் என் தீவுக்கு வருவது அவன் திட்டம். போலந்துப் படை வேறு எங்கோ சண்டையில் சிக்கிக்கொண்டது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

ஜனவரியில் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. 'கடல் உறைந்தது. படைகள் பனிமேல் நடந்து கடக்கலாம்.'

எஸ்கில், பதினொரு வருடம் இதை ஆடியிருக்கிறேன், அப்படி ஒரு அறிவிப்பு எனக்கு வந்ததே கிடையாது. கடலின் நீலம் அப்படியே வெளிறி வெள்ளையாகிவிட்டது. அவன் கப்பல்கள் பனிக்குள் மாட்டி நின்றன. மூவாயிரம் பேரையும் எடுத்தேன், ஹெல்வியையே தலைமைக்கு வைத்தேன், கடல்மேல் நடக்கவிட்டேன். பத்தொன்பது நாள் பயணம். ஒவ்வொரு நாளும் இத்தனை பேர் விறைத்துச் செத்தார்கள் என்று செய்தி வருகிறது. நாற்பது. அறுபது. பதினாறாம் நாள் பனி இளகத் தொடங்கியது என்று வந்தது. மதிய உணவு இடைவேளை, யோரான் சாப்பாட்டுத் தட்டோடு என் பின்னால் நிற்கிறார்.

"ஐயோ ஒடையுது! திரும்பச் சொல்லு அவங்கள!"

"திரும்பினா பதினாறு நாள், போனா மூணு நாள். கணக்குத் தெரியாதா உங்களுக்கு?"

"அப்ப ஓடச் சொல்லு! நின்னு பாத்துக்கிட்டிருக்கே!"

ஓட வைக்கப் பொத்தான் இல்லை என்று சொன்னால் அந்த மனிதர் நம்பவில்லை. மேசையைத் தட்டி ஓடு ஓடு என்கிறார். வெளியே ஒரு அம்மா ஆட்டைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள், உள்ளே இரண்டு மருத்துவர்கள் கத்துகிறார்கள்.

பத்தொன்பதாம் நாள் கரை ஏறினார்கள். இரண்டாயிரத்து நூறு பேர். டென்மார்க் முகாம் தூங்கிக்கொண்டிருந்தது, பனிக்காலத்தில் கடல் வழியாக யார் வருவார்கள்? அரசனைக் கூடாரத்திலேயே பிடித்தாள் ஹெல்வி. இருபத்து மூன்று வயது! அன்றிலிருந்து அவள் பெயருக்குப் பின்னால் ஆட்டமே ஒரு பட்டம் போட்டுவிட்டது: 'கடல் நடந்தவள்'.

கோடிக்கணக்கான எண்களை உருட்டி ஒரு இயந்திரம் இதைச் செய்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் கண்ணுக்கு முன்னால் ஒரு பெண் கடலை நடந்து கடந்தாள்.

அப்பா இதைப் பார்த்திருக்க வேண்டும். இதை எழுதுவதற்காகத்தான் இவ்வளவு எழுதினேன் போலிருக்கிறது.

கெர்டா


விஸ்பி
13 மார்ச்

எஸ்கில்,

எல்லாம் போயிற்று.

ஹெல்விக்கு ஐம்பத்தொன்பது வயது. நெஞ்சுச் சளி. இனி எவ்வளவு நாள் என்று தெரியாது. வாரிசைச் சரிபார்க்கலாம் என்று மூத்த மகன் போலெஸ்லாவைத் திறந்தேன். கேடயத்தில் கழுகு இருக்கிறது. கடா இல்லை, காசிமிரின் போலந்துக் கழுகு. மற்ற இரண்டு பேருக்கும் அப்படியே.

கல்யாணம் பேசும்போது கீழே ஒரு சின்னக் கட்டம் இருக்குமே, 'பிள்ளைகள் தாயின் வம்சம்' என்று. நான் அதில் டிக் போடவில்லை. பத்து வருடம் ஆடாத கை, ஹெல்வி பெண் என்பதையே மறந்து ராஜாவுக்குக் கல்யாணம் செய்வது போலச் செய்துவிட்டேன். பிள்ளைகள் பிறந்தபோதெல்லாம் முகத்தைப் பார்த்தேன், கேடயத்தைப் பார்க்கவில்லை. யாருடைய ஆடு என்று காதுவில்லையைப் பார்க்காமல் ஆட்டை எடுத்துக்கொள்ளும் விவசாயியை நான் எப்படித் திட்டுவேன் தெரியுமா!

அவள் கண்ணை மூடினால் சிம்மாசனம் கழுகுக்குப் போகும். நமக்கு ஆட்டம் முடிந்தது. நூற்றுத் தொண்ணூறு வருடம். அப்பா பத்து வருடம் காத்திருந்து என் கையில் கொடுத்ததை நான் ஒரு மாதத்தில் முடித்துவிட்டேன்.

சித்தப்பா பெரியப்பா வழியில் யாராவது இருக்க மாட்டார்களா என்று கேட்பாய். இல்லை. ராஜா செத்தால் நாட்டைப் பிள்ளைகளுக்குப் பங்கு போட வேண்டும் என்பது ஆட்டத்தின் பழைய சட்டம். அதனால் நானும் அப்பாவும் தலைமுறைக்கு ஒருவனை வைத்துக்கொண்டு மற்ற எல்லா இளையவர்களையும் மடத்துக்கு அனுப்பிவிடுவோம். கிளை கழிப்பது என்று சொல்லிச் சிரிப்போம். கழித்துக் கழித்துக் கடைசியில் ஒற்றைத் தண்டுதான் நின்றது.

ஒரு கிளை இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டுவிடலாம், ஆனால் மரத்தைத் திறந்தால் நீயே பார்த்துவிடுவாய். அப்பா ஆடிய ஒரு ராஜாவுக்குக் கல்யாணத்துக்கு வெளியே ஒரு மகன் பிறந்தான், கேர்வாட். 'ஏற்பதா, மறுப்பதா' என்று ஆட்டம் கேட்கும். அப்பா ஏற்றுக்கொண்டார். வம்சப் பெயரும் கொடுத்து, ரீகா வளைகுடாவில் ரூனோ என்ற பொட்டுத் தீவையும் கொடுத்தார். அந்தக் கடிதத்தின் கடைசி வரி எனக்கு இன்னும் மனப்பாடம்: 'ஒரே ஒரு வேண்டுகோள். ரூனோவைத் தொடாதே.' வயதான மனிதரின் பிடிவாதம் என்று நினைத்தேன். இரண்டு ஆட்சி அதைத் தொடாமல் ஆடினேன்.

2015இல், அந்தச் சமையலறைப் பேச்சுக்கு மறுநாள், எனக்கு எல்லாம் புரிந்தது. ஆட்டத்தைத் திறந்தேன். ரூனோவுக்கு எட்டுக் கப்பல் அனுப்பினேன். கேர்வாட்டின் மகனையும் பேரன்களையும் கொன்றேன். தப்பித்தவர்களைப் பிடித்துச் சிறையில் போட்டேன். பிறகு ஃபைலைக் கடிதம் இல்லாமல் அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அடுத்த ராஜாவை ஆடி முடித்துத் திருப்பி அனுப்பியபோது நான் திறக்கவே இல்லை, கடிதத்தையும் படிக்கவில்லை.

உன்னை எனக்கு அப்போது தெரியாது. முகம்கூடத் தெரியாது. ஆனால் நான் கொன்றது யாரை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

கடிகாரத்தை நிறுத்திவிட்டேன். நின்ற இடத்தின் ஃபைலை இணைத்திருக்கிறேன், நீயே பார்த்துக்கொள்.

கெர்டா


கிருனா
2 ஏப்ரல்

கெர்டா அக்காவுக்கு,

பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள், பெயருக்கே திரும்பிவிடுகிறேன்.

மூன்று வாரம் பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு வலித்தது. சிரிப்பான விஷயம்தான், இல்லாத தீவில் இல்லாத ஆட்கள். ரயிலில் நார்விக் துறைமுகம் வரை போகும்போதெல்லாம் அந்த எட்டுக் கப்பல்தான் கண்ணில் நின்றது. அம்மாவிடம் சொன்னேன். அவள் சமாதானம் சொல்வாள் என்று பார்த்தேன். "அந்தப் பொண்ணு ஒன்ன ஒண்ணும் பண்ணலடா. ஒரு பொம்மைய ஒடச்சிருக்கா. எனக்கு அப்படி ஒடைக்க ஒரு பொம்மைகூட இல்லாமப் போச்சு" என்றாள்.

அப்புறம் ஃபைல் தேதிகளைப் பார்த்தேன். கேர்வாட்டை அப்பா ஏற்றுக்கொண்ட ஆட்சியின் ஃபைல் 2006 அக்டோபர் பதினான்கு. அந்த வாரம்தான் அப்பா முதன்முதலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்குப் பதின்மூன்று வயது. அம்மா கதவைத் திறந்து, "எஸ்கில், இவருதான் ஒங்கப்பா. நான் காபி போடறேன், பேசிக்கிட்டிருங்க" என்று உள்ளே போய்விட்டாள். அவர் ஷூவைக் கழற்றலாமா வேண்டாமா என்று தெரியாமல் ரொம்ப நேரம் நின்றார். அப்படி நின்றவர் ஊருக்குத் திரும்பி, உங்களிடம் சொல்லத் தைரியமில்லாமல், ஆட்டத்தில் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

அவர் கோழை என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

ஆனால் வம்ச மரத்தை முழுக்க விரித்துப் பார்த்தேன். ரூனோ கிளையில் எல்லாப் பெயருக்கும் குறுக்கே கோடு. ஒரே ஒரு மெல்லிய இழை மட்டும் கிழக்கே ஓடுகிறது. அது ஏன் என்று புரியாமல், மன்னியுங்கள், நீங்கள் படிக்காத அப்பாவின் கடைசிக் கடிதத்தைப் படித்தேன். அப்படியே கீழே எழுதுகிறேன்.

'கெர்டா, மூன்றாம் போத்வித் ஏழு வருடம்தான் ஆண்டான். குதிரையிலிருந்து விழுந்தான். பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. ஒரே மகள், ஹெல்வி, கெட்டிக்காரி. ரூனோ எரிந்து கிடந்தது. நீ ஏன் செய்தாய் என்று எனக்குத் தெரியும், நான் கேட்கப்போவதில்லை. சிறையில் ஒரு பெண் உயிரோடு இருந்தாள், தோரா, பதினேழு வயது. அவளை வெளியே விட்டு, நோவ்கோரோத்தில் ஒரு படகுப்படைத் தலைவனுக்குக் கட்டிக்கொடுத்தேன். கட்டத்தில் டிக் போட்டேன். இனி உன் முறை. எவ்வளவு நாள் ஆனாலும் உன் முறைதான். அப்பா.'

டிக் போட்டிருக்கிறார், அக்கா. சிறையில் கிடந்த ஒரு அனாதைப் பெண்ணுக்கு, யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத கல்யாணத்துக்கு.

தோராவின் பேத்தி நோவ்கோரோத்தில் இருக்கிறாள். இங்கா, பதினேழு வயது. கேடயத்தில் கடா. பிரபுக்கள் சபையைக் கூட்டி வாரிசை வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்கும்படி சட்டத்தை மாற்றினால், நம் மண்ணில் ஒரு துண்டு நிலமாவது வைத்திருக்கும் லிண்டே யாரும் அரசியின் பிள்ளைகளோடு போட்டிக்கு நிற்கலாம். ஹெல்வி உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டும். பதினொரு பிரபுக்கள். ஆறு வாக்கு.

எஸ்கில்


விஸ்பி
3 ஏப்ரல்

எஸ்கில்,

படித்தேன். காரில் உட்கார்ந்து படித்தேன், பிறகு ஒரு மணி நேரம் காரை எடுக்கவில்லை.

அக்கா என்றே எழுது.

அரசிக்குக் காய்ச்சல். நான் போகிறேன்.

கெ.


விஸ்பி
27 ஏப்ரல்

அன்புள்ள எஸ்கில்,

இது விதிப்படி எழுதும் கடிதம். ஆட்சி முடிந்த கடிதம்.

நீ சொன்னபடி முதலில் இங்காவை அழைத்தேன். மறுத்துவிட்டாள். ஏன் என்று சுட்டியை வைத்துப் பார்த்தால், நம் வம்சத்தின் மேல் அவளுக்கு இருக்கும் மதிப்பு மைனஸ் நாற்பது: 'என் குலத்தைக் கொன்றவர்கள்'. அவள் பிறப்பதற்கு முப்பது வருடம் முன்னால் நடந்தது! ஹெல்விக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்த ஆட்டம் மறக்கவில்லை, எழுதி வைத்திருக்கிறது. இரண்டாவது முறையும் அழைத்தேன், மறுத்தாள். மூன்றாவது முறை அழைப்பு அனுப்பவில்லை. ரூனோ தீவை அவள் பெயருக்கு எழுதி, ஓலையை மட்டும் அனுப்பினேன். வந்தாள். கடலைக் கண்டால் பயப்படுபவள், தன் மூன்று வயதுத் தம்பியைத் தூக்கிக்கொண்டு, கப்பல் ஏறி வந்தாள்.

மைனஸ் நாற்பது மைனஸ் ஐந்தானது. அந்த ஐந்து கடைசிவரை போகவில்லை. என்ன செய்தும் போகாது என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

போலெஸ்லாவ் கலகம் செய்தான். அவன் நல்ல பிள்ளை, எஸ்கில். படித்தவன், நியாயமானவன், தாயின் சிம்மாசனம் தனக்கு வரும் என்று நாற்பது வருடம் நம்பியவன். என் கைத்தவறுக்கு அவன் என்ன செய்வான்? அறுபத்தொரு வயது ஹெல்வி இருமிக்கொண்டே படையோடு போனாள், மகனைப் பிடித்தாள். பழைய கெர்டாவாக இருந்தால் தலையை எடுத்திருப்பேன். விடுவித்தேன். ஓலாண்டையும் கொடுத்தேன், அவன் அம்மா கடல்மேல் நடந்து போய்ச் சேர்ந்த இடம். அவனுக்கு நம்மேல் மைனஸ் இருபது. அதுவும் நியாயம்தான்.

வாக்கெடுப்பு மூன்று வருடம் இழுத்தது. ஒருவனுக்கு விருந்து வைத்தேன், ஒருவன் மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் பேசினேன், ஒருவனை வேட்டைக்கு அழைத்துப்போய்க் கரடியிடமிருந்து காப்பாற்றினேன். அப்படியும் இங்காவுக்கு ஐந்து, போலெஸ்லாவுக்கு ஐந்து. மிச்சம் விஸ்பி பிஷப், எண்பது வயது, யாரிடமும் ஒத்துப்போகாத கிழம். ஹெல்வி படுத்த படுக்கையாகிவிட்டாள். யோரான் இப்போதெல்லாம் மதியம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே உட்காருகிறார்.

"அந்தப் பாதிரி என்னதான் சொல்றான்?"

"யோசிக்கறார்."

"எண்பது வயசுல என்னய்யா யோசன? பொட்டுனு போயிடப் போறான்!"

அவர் வாக்களித்தார். இங்காவுக்கு. கடவுளுக்காகவும் இல்லை, கடாவுக்காகவும் இல்லை, போலந்துக்காரர்கள்மேல் அவருக்கு இருந்த கடுப்பில். ஆறுக்கு ஐந்து. பதினோராவது நாள் ஹெல்வி இறந்தாள். 1259 நவம்பர் இரண்டு. நாற்பத்தேழு வருடம் ஆண்டாள், அதற்கு முன்னால் பத்து வருடம் அப்பாவின் கம்ப்யூட்டரில் காத்திருந்தாள்.

திரை இருண்டது. ஆட்டம் முடிந்தது என்று எழுத்து வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். யோரான் என் தோளை உலுக்கினார். திறந்து பார்த்தால் சிவப்புக் கேடயம், வெள்ளைக் கடா. கீழே இங்காவின் முகம். கேர்வாட்டின் எள்ளுப்பேத்தி, இரண்டு கடற்கரைக்கும் அரசி.

எத்தனை கை பட்டிருக்கிறது பார். அப்பா ஒரு பொத்தானை அழுத்தினார். நான் வெட்டினேன். அவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு கட்டத்தில் டிக் போட்டார். நீ தேடிக் கண்டுபிடித்தாய். நான் அவருக்குப் பத்து வருடம் பதில் எழுதவில்லை, ஆனால் பதில் முன்னமே என்னிடம் வந்து கிடந்திருக்கிறது. அந்த மனிதரை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை. அந்த மைனஸ் ஐந்து எனக்கும் இருக்கிறது. ஆனால் நேற்று கல்லறைக்குப் போய் ஹெல்வி கடலைக் கடந்த கதையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். புல் வெட்டுகிற ஆள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

யோரான் கேட்டார், "சரி, இனிமே இது யாரு மொற?"

"என் தம்பியோட மொற" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

ஃபைலை இணைத்திருக்கிறேன். ஜூனில் எனக்கு இரண்டு வாரம் விடுமுறை. கிருனாவில் அப்போது சூரியன் மறையாதாமே. உன் அம்மாவிடம் கேட்டு எழுது, நான் வந்தால் காபி போடுவார்களா என்று.

இன்னும் ஒன்று. இங்காவின் தம்பி மிக்கித்தாவுக்கு இப்போது ஆறு வயது. வளர்ந்தால் பங்கு கேட்பான், படை திரட்டுவான், உன் ஆட்சிக்குத் தலைவலியாவான். நம் வழக்கப்படி நான் அவனை மடத்துக்கு அனுப்பிவிட்டுத்தான் ஃபைலை உனக்குக் கொடுத்திருக்க வேண்டும். அனுப்பவில்லை. ரூனோவை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், தம்பி. அவனைத் தொடாதே.

உன் அக்கா
கெர்டா